பிச்சாட்டூர் அக்காவும் கடைசி டீமும்

காலால் அமுக்கும் அந்தக் கறுப்புப் பெடல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தையல் மிஷினின் மிதிக்கட்டையைப் போல மேசைக்கு அடியில் கிடக்கும். அமுக்கினால் ஹெட்போனில் குரல் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும், ஓரத்தில் தட்டினால் நாலு சொல் பின்னுக்குப் போகும். திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த எங்கள் ஆபீசில் இப்படி இருபது பெடல்கள் இருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் டைப் அடித்து, அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கோ சென்னைக்கோ கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கிளம்ப முடியாதவர்களும் இன்னும் கிளம்பாதவர்களும் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. எங்கள் வரிசையில் மூன்றாம் சீட்டில் இருந்தவரைப் பிச்சாட்டூர் அக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் கொத்தனார். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.ஏ. முடித்து, புத்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் சீட்டில் இருப்பார். எங்களில் யாருக்கும் அந்த வேகம் கிடையாது. ஆனால் காதில் விழும் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. சேர்ந்த மூன்றாம் மாதமே, நிறுத்த வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பட்டியல் என் மேசை வழியாகத்தான் போனது என்பதால் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வானொலி நிகழ்ச்சி வந்து சேர்ந்தது. வாரம் ஒரு மணி நேரம், இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து அந்த நாட்டுக் கால்பந்துக் கிளப்புகளைக் கிண்டல் செய்வார்கள். காது கேளாதவர்கள் படிப்பதற்காக அதை எழுத்தில் போட வேண்டும். மூக்கால் பேசுவார்கள், ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் சிரிப்பார். நாங்கள் பார்த்த கால்பந்தும் இல்லை அது. யாரும் தொட மறுத்தார்கள். எங்கள் மேனேஜர் அதை அக்காவிடம் கொடுத்தார். எப்படியும் போகப் போகிறவர்தானே என்று நினைத்திருப்பார்.

அக்கா ஒரு நோட்டு வாங்கினார். பெடலின் ஓரத்தைத் தட்டித் தட்டி ஒரே வரியைப் பத்து தடவை கேட்டு, பிடிபட்டதை எல்லாம் அதில் எழுதினார். முதல் பக்கத்தில் மைதானத்தை வரைந்தார், நீள்சதுரமாக இல்லாமல் முட்டை வடிவில். இரண்டு முனையிலும் நந்நான்கு கம்பங்கள். எந்தக் கிளப்புக்குப் பறவையின் பெயர், எதற்கு விலங்கின் பெயர், யார் பட்டியலில் மேலே, யார் கீழே என்று ஒவ்வொரு பக்கமாக நிரப்பினார். பத்து நாளில் எங்களுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். மதியம் சாப்பிடும்போது கேட்டால் போதும்.

"பந்து முட்ட மாதிரி இருக்கும். கீழ வுழுந்தா எந்தப் பக்கம் போவும்னு அந்தப் பந்துக்கே தெரியாது. டீமுக்குப் பதினெட்டு பேரு அது பின்னால ஓடிக்கினே இருப்பாங்கோ. நடுக் கம்பத்துக்குள்ள அடிச்சா ஆறு. குறி தப்பிப் பக்கத்துல போனாலும் ஒண்ணு குடுப்பாங்கோ."

"தப்பினதுக்கு எதுக்கு அக்கா பாயிண்ட்?"

"அவ்ளோ தூரம் ஓடி வந்தானே, அதுக்கு."

நிகழ்ச்சியில் அதிகம் உதைபட்டது கடைசி இடத்தில் இருந்த ஒரு கிளப். போன ஆண்டும் அதுதான் கடைசி. 'பயிற்சியாளரை மாற்றினார்கள், தலைவரை மாற்றினார்கள், சட்டையின் நிறத்தைக்கூட மாற்றினார்கள், மாறாமல் நிற்பது தோல்வி ஒன்றுதான்' என்பார் ஒருவர். 'அவர்களுடைய கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் இந்த ஆண்டு அதிக நேரம் நின்றவர் அதற்குப் பெயின்ட் அடித்தவர்தான்' என்பார் தடித்த குரல்காரர். அக்கா இதையெல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றிச் சொல்வார். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு புரையேறியவர்கள் உண்டு. ஒரு மாதத்துக்குள் எங்கள் ஆபீஸ் முழுவதும் திங்கட்கிழமை காலையில் கேட்ட முதல் கேள்வி, 'அக்கா, கடைசி டீம் என்ன ஆச்சு?' என்பதுதான். தோற்றது என்பார். எத்தனையில் என்று கேட்போம்.

ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, தடிச்ச கொரல்ல ஒருத்தர் திட்டறாரே, அவரு அந்த டீம் ஆளு" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க? அவர்தானே ரொம்பக் கிண்டல் பண்றாரு?"

"வெளி ஆளு ஒரு வாட்டி சிரிச்சிட்டு அப்பால போயிடுவான். இவரு வாரா வாரம் வந்து திட்டிக்கினு கீறாரு. வூட்டு ஆளுதான் அப்படித் திட்டுவாரு."

நான் நம்பவில்லை.

அக்காவுக்கு அந்தக் கிளப்பின் மேல் ஏன் அவ்வளவு பிடிப்பு என்பதும் ஒரு மதியச் சாப்பாட்டில்தான் தெரிந்தது. அங்கே ஒரு வழக்கமாம். ஆண்டு முடிவில் புது ஆட்டக்காரர்களை எடுக்கும்போது, கடைசியில் வந்த கிளப்புக்குத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. இதைச் சொல்லிவிட்டு அக்கா சற்று நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அரசாங்கம் பட்டா கொடுத்தபோது, ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் ஒன்றரை ஏக்கர் கல்லுக்காடு கிடைத்தது. "நல்ல நெலம்லாம் முன்னாடியே ஆளுங்க கையில இருந்துச்சி. கடசியா போனவருக்குக் கடசியாத்தான் கெடச்சுது. மூணு வருசம் ஒண்ணும் வெளையல. வித்துட்டுப் போடான்னு ஊரே சிரிச்சிது. நைனா கல்லு பொறுக்கிக்கினே இருந்தாரு. நாலாவது வருசம் கள்ள வந்துச்சி." எங்கள் பக்கம் வேர்க்கடலையைக் கள்ள என்றே சொல்வார்கள்.

ஆட்டப் பருவத்தின் பாதியில் அந்தச் செய்தி வந்தது. கடைசிக் கிளப்பால் இனித் தாக்குப்பிடிக்க முடியாது, அதை மூடி இன்னொரு நகரத்துக் கிளப்போடு சேர்த்துவிடலாம், உறுப்பினர்கள் வாக்குப் போடப் போகிறார்கள். அந்த வாரம் ஒலிப்பதிவில் தடித்த குரல்காரர் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. சிறு வயதில் தன்னை அப்பா தோளில் வைத்துக்கொண்டு போய் அந்த மைதானத்தில் நின்றதைச் சொன்னார். பாதியில் குரல் நின்றது. இடைவெளி வந்தால் அடைப்புக்குறிக்குள் இடைவெளி என்று அடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அக்கா அடித்திருந்தார். அதோடு விடவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், கேட்ட எதிலும் இல்லாத ஐந்தாறு வரிகள் இருந்தன.

'டைப் செய்தவரின் குறிப்பு. என் அப்பாவின் நிலத்தில் மூன்று ஆண்டு ஒன்றும் விளையவில்லை. ஊர் சிரித்தது. நாங்கள் விற்கவில்லை. நான்காம் ஆண்டு வேர்க்கடலை விளைந்தது. தயவுசெய்து கிளப்பை மூட வேண்டாம்.'

கேட்காத ஒரு சொல்லைச் சேர்த்தாலும் வேலை போய்விடும். அழிக்க வேண்டியவன் நான். நான்கு முறை படித்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா அடுத்த பதிவை ஓட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவே இல்லை. அழிக்காமல் அனுப்பினேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெங்களூரில் ஒரு வேலைக்கு நேர்காணல் முடித்திருந்தேன். கேட்டால் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

இரண்டு நாளில் வானொலிக்காரர்களிடமிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. இதை டைப் செய்தவரின் பெயர் என்ன என்று ஒரே வரி. பெயர் கேட்டாலே அது புகார்தான் என்று மேனேஜர் நினைத்துவிட்டார். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, குறிப்பு இருந்த பக்கத்தை மேசை மேல் வைத்து, "ஏமண்டி இதி?" என்று தெலுங்கில் கேட்டார், என்ன இது என்று. பிறகு என்னைப் பார்த்து, "நுவ்வு சூடலேதா?" என்றார், நீ பார்க்கவில்லையா என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "அவரு பாத்து முடிச்சப்புறம் நாந்தான் சேத்தேன் சார். தம்பிக்குத் தெரியாது."

நான் மறுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எழுதும்போதும் அந்த அறையில் என் வாய் மூடிக்கிடந்த நேரம் எனக்கு நீளமாகவே இருக்கிறது. வீட்டுக்குப் போங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கேட்ட பெயரைப் பதிலாக எழுதி அனுப்பினார் மேனேஜர். அக்கா நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த வாரம் பதிவு வந்தபோது அடிக்க ஆள் இல்லை. நானே உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் வழக்கமான பேச்சு. பிறகு தடித்த குரல்காரர், 'இந்தியாவில் திருப்பதி என்று ஓர் ஊர், நான் சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை, அங்கே ஒரு பெண்மணி நம்முடைய உளறலை எல்லாம் டைப் செய்கிறாராம்' என்று ஆரம்பித்து, அக்காவின் குறிப்பை முழுதாகப் படித்தார். படித்து முடித்து, 'கல்லைப் பொறுக்கினால் கடலை வரும் என்கிறார். நம் ஆட்களைப் பந்தையாவது பொறுக்கச் சொல்லுங்கள்' என்றார். இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் செய்தியைச் சொன்னார்கள். உறுப்பினர்கள் மூட வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள். அக்காவின் குறிப்பு வானொலியில் படிக்கப்பட்டதே வாக்களிப்புக்குப் பிறகுதான். ஆகவே அவரால் கிளப் பிழைத்தது என்று நான் சொல்ல முடியாது.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். மேனேஜரை என் மேசைக்குக் கூட்டிவந்து ஹெட்போனைக் கையில் கொடுத்து, குறிப்பைப் பார்த்துத்தான் அனுப்பினேன் என்றும் சொன்னேன். அவர் பதிவை இரண்டு முறை கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

அக்காவிடம் போன் கிடையாது. பஸ் பிடித்துப் பிச்சாட்டூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த மேட்டு நிலத்துக்கு நடந்தேன். நாலைந்து பெண்களோடு குனிந்து கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். வேலையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"மூடிட்டாங்களா தம்பி?"

"இல்லக்கா. மூட வேணாம்னு வோட்டுப் போட்டுட்டாங்க."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் சொன்னேன். அந்த அறையில் பேசாமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு பெங்களூரு வேல வர்ற நேரம். ரெண்டு பேரும் எதுக்கு வூட்ல குந்தணும்?" என்றார். நேர்காணலுக்குப் போய் வந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது. செடியை உதறி, மண்ணோடு இரண்டு கை பச்சைக் கடலை கொடுத்தார். தின்றுகொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் வந்து நான் அடித்து வைத்திருந்ததை வாங்கிப் பார்த்தார். பதிவை முழுதாகக் கேட்டார். தன் குறிப்பைப் படித்த இடத்தை மட்டும் பல தடவை ஓட்டினார். பிறகு நான் அடித்ததில் நாலு தப்புக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார். அந்த ஆண்டும் அந்தக் கிளப்தான் கடைசி.

நான் பெங்களூருக்குப் போனேன், அங்கிருந்து சில ஆண்டுகளில் மெல்பர்னுக்கு. பேச்சைத் தானே எழுத்தாக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு திருப்பதி ஆபீஸ் மூடப்பட்டது. மருந்துக்கடை மாடியில் இப்போது மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். அக்கா மனம் தளரவில்லை. பிச்சாட்டூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து, பென்ஷன், பட்டா, பாஸ்போர்ட் என்று ஊராருக்கு மனுப் போட்டுக் கொடுக்கிறார். மனு திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று பார்த்து, திருத்தி, மறுபடி அனுப்புவார். அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை என்கிறார்கள். மூத்த மகள் நர்ஸிங் முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

போன விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனேன். ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அங்கே மெல்பர்னில் பிற்பகல், அந்தக் கிளப் ஆடிக்கொண்டிருந்த நேரம். என் போனில் வர்ணனையைப் போட்டு அவர் மேசை மேல் வைத்தேன். தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. பிறகு திடீரென்று சிரித்தார். என்னம்மா என்று வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் அந்தக் கிளப்பை வர்ணனையாளர் கிண்டல் செய்ததை அவர்களுக்குத் தமிழில் சொன்னார். பின்னால் நின்ற இரண்டு பேருக்காகத் தெலுங்கிலும் சொன்னார். கடைசியில் நின்றவர் வரைக்கும் சிரிப்பு போனது.

முன்னால் நின்றிருந்த பெரியவர் பென்ஷன் மனுவுக்கு வந்தவர். பல்லில்லாத வாயால் சிரித்துவிட்டு, "அந்த ஆளுங்க இந்த வாட்டியாவது ஜெயிப்பாங்களாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் பாதி ஆட்டம் கீது மாமா" என்றார் அக்கா, விரல் ரேகை எடுக்கும் கருவியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே. "நீ பெருவெரல இதுல வை."