நீலத் தீ அணையும் முன்

தபால்காரி ஃபாயினாவுக்கு ஓநாயிடம்கூட அவ்வளவு பயமில்லை. தன் வீட்டுச் செங்கல் அடுப்பின் புகைபோக்கியை மூடும் இரும்புத் தகட்டிடம்தான் பயம். காலையில் ஒரு பாரம் பிர்ச் விறகை மளமளவென்று எரியவிட்டுத் தகட்டைத் தள்ளி மூடினால், செங்கல் வாங்கிய சூடு மறுநாள் காலைவரை வீட்டைக் காக்கும். தாமதமாக மூடினால் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். சீக்கிரம் மூடினால் வாசனையே இல்லாத நச்சுக்காற்று வீட்டோடு எல்லோரையும் தூங்க வைத்துவிடும். முப்பது குளிர்காலமாக அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

மகன் மரம் வெட்டும் முகாமுக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தது நகரத்திலிருந்து வந்த மருமகள் ரிம்மாவும் நாலு மாதக் குழந்தையும். அன்று தபால் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அடுப்பு எரிந்து தணியும்வரை காத்திருக்க முடியவில்லை.

"கனலானதும் தகட்டைத் தள்ளிடு. நேத்து மாதிரி மறந்துட்டு உக்காந்திராதே, ஊரையெல்லாம் குளிர் காய விட்டுட்டு."

"தள்ளிடறேன் அத்தை. கனல்கூடவா எனக்குத் தெரியாது?"

"தெரிஞ்சா சரிதான்."

உறைந்த ஆற்றைக் கடந்து அக்கரையில் கிழவன் புரோகோரிடம் செய்தித்தாளை நீட்டினாள்.

"உள்ள வா ஃபாயினா யெகோரவ்னா, மூக்கு கழண்டு விழறதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்றவன், அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தான். "உன் மருமக கெட்டிக்காரிதான். அதுக்குள்ள அடுப்பை மூடிட்டா பாரு."

ஃபாயினா திரும்பினாள். அங்கிருந்து பார்க்க ஊரின் எல்லாக் கூரையிலும் புகை நேராக நின்றது. அவள் கூரைக்கு மேல் மட்டும் ஆகாயம் துடைத்துவிட்டது போல இருந்தது.

"மணி என்ன?"

"ஒன்பதரை இருக்கும்."

விறகு பற்றவைத்தது எட்டு மணிக்கு. அதில் ஒரு கட்டை ஈரம். பத்தரைக்கு முன் எப்படியும் தணியாது.

பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். கம்பளிக் காலணி பனியில் புதைந்தது. குழந்தையின் தொட்டில் அடுப்பை ஒட்டித்தான் இருக்கிறது. அதை அங்கே போட்டவளே அவள்தான். நடு ஆற்றில் விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள்.

வீட்டுக்குள் இதமான சூடு. புகை நெடி துளியும் இல்லை. ரிம்மா மேசைமேல் தலை கவிழ்ந்திருந்தாள். ஃபாயினா தகட்டை இழுத்தாள், விரல் பொசுங்கியது. கதவைத் திறந்து போட்டாள். குழந்தையைச் சால்வையில் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அது தலையைத் தொங்கவிட்டிருந்தது. பின்னாலேயே ஓடிவந்த புரோகோரின் கையில் அதைத் திணித்துவிட்டு, மருமகளை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து பனியில் கிடத்தி, கன்னத்தில் அறைந்தாள்.

"அழுடா," என்று கிழவன் குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "அழுடா, ராசா."

குழந்தை தும்மியது. பிறகு வீறிட்டது. ரிம்மா புரண்டு வாந்தியெடுத்தாள்.

"நீலமாத்தான் எரிஞ்சுது அத்தை," என்றாள், நாக்குக் குழற. "மேல சிவப்பே இல்ல. எங்க வீட்டு காஸ் அடுப்புல நீலம்னா நல்ல தீ. நீங்க வந்து திட்டுவீங்களேன்னு மூடிட்டேன்."

ஃபாயினா அவள் வாயைத் துடைத்துவிட்டாள். கனலின் மேல் ஓடும் அந்த நீலம் நச்சுக்காற்று எரிவதுதான், அது கடைசிப் பொட்டுவரை அணைந்த பிறகே மூட வேண்டும் என்பது அவளுக்கு மூச்சுவிடுவது போலத் தெரியும். அதனால்தான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சூடு வீணாவதை மட்டும் தினமும் சொல்லியிருந்தாள்.

ஊர் நர்ஸ் வந்து பார்த்து, இருவருக்கும் ஆபத்தில்லை என்றாள்.

மறுநாள் காலை கனல் கறுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. ஃபாயினா தகட்டில் கைவைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நீலம் இல்ல அத்தை. நான் ரெண்டு தடவ கிளறிப் பாத்துட்டேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்."

ரிம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். சூடு புகைபோக்கி வழியே போய்க்கொண்டே இருந்தது. இருவரில் ஒருவரும் தகட்டைத் தொடவில்லை.