சாந்தகுமாரியின் கண்மாய்

“அச்சா, மடையைத் திறந்தது யாரு? அவரு ஏன் வரல? சண்டையா?”

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி, கணிப்பொறியில் தட்டிக்கொண்டே கேட்பார் சாந்தகுமாரி. காலை பத்து மணிக்கு எங்கள் அறையில் முதலில் எழும் குரல் இது. மறுமுனையில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்று. இந்த முனையில், டில்லியில் நாங்கள் வேலை பார்க்கும் நீர் ஆய்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடி.

நாற்பத்தெட்டு வயது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கிராமத்தில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்ததில்லை. தயிர்சாதத்துக்கு ஆலு புஜியா தொட்டுக்கொள்வார். திட்டுவது இந்தியில், எண்ணுவது மட்டும் தமிழில், அதுவும் விரல்விட்டு.

அந்த ஊர்க் கண்மாயின் வருங்காலத்தைக் கணிப்பொறிக்குள் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. மழை குறைந்தால், போர்வெல் பெருகினால் கண்மாய் என்ன ஆகும்? பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டும் கருவேலத்தை யார் வந்து வெட்டுவார்கள்? நிலமுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் அதில் உண்டு. முப்பது வருஷம் நாலு நிமிஷத்தில் ஓடிவிடும். “வடக்குத்தெரு இருபதாம் நம்பர் இந்த வருஷமும் வரல பாருங்க” என்று, பக்கத்து வீட்டுக்காரரைக் குறைசொல்வதுபோலச் சலித்துக்கொள்வார்.

போன வருஷம் கணிப்பு தயாரானது. 2031இல் ஊர் கண்மாயைக் கைவிட்டுவிடும். அதுபோன்ற நாற்பது கண்மாய்களைச் சீரமைப்பது வீண் என்று அறிக்கையும் அச்சானது. மறுநாள் கமிட்டி. ஒரே ஓர் எண்ணைச் சரிபார்க்க, சாயங்காலம் ஊருக்கு ஃபோன் செய்தார். வழக்கமாகப் பேசும் நிலக்காரர் ராஜவேல் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். அங்கே கூலிக்கு நெல் புடைத்துக்கொண்டிருந்த செங்கம்மாள் எடுத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“இந்த வருஷம் வரத்துக்கால் வெட்ட எத்தனை பேர் வந்தாங்கக்கா? பதினொண்ணு இருக்குமா?”

“அறுவத்துநாலு பேரு போனோம் தாயி.”

“அறுபத்துநாலா! யார் யாரு?”

“பூராம் பொம்பளையாளுகதான். வயக்காரக எங்க வந்தாக? அவுகளுக்குத்தான் போரு இருக்கே. எங்க ஆடு தண்ணி குடிக்கணும்ல?”

“மூணு வருஷமா கேக்கறேன்க்கா. யாருமே சொல்லலையே?”

“யாருகிட்ட கேட்டீக? வயலு வச்சிருக்கவுககிட்டத்தான?”

ஃபோனை வைத்துவிட்டு, திரையில் குடும்பங்களின் பட்டியலைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார். “ஒரு ஆடுகூட இல்லாம ஒரு ஊரைக் கட்டியிருக்கேன்” என்றார். முகம் சிவந்திருந்தது. பிறகு எழுந்து டைரக்டர் அறைக்குப் போனார்.

“சார், ரிப்போர்ட் கலத் ஹை. கல்தி மேரி ஹை.” அறிக்கை தப்பு, தப்பு என்னுடையது. கதவு திறந்தே இருந்ததால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. மூன்று வருஷ உழைப்பு, கமிட்டி நாளைக்கு, அப்புறம் திருத்திக்கொள்ளலாமே என்றார் டைரக்டர். அப்புறம் திருத்தும்போது அந்தக் கண்மாய்கள் சீரமைப்புப் பட்டியலில் இருக்காது என்று சாந்தகுமாரி அசையாமல் நின்றார். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அந்த வருஷத்துப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. “ஆகட்டும்” என்றதோடு சரி. இரண்டு நாள் மட்டும் யாரோடும் சாப்பிட உட்காரவில்லை.

அடுத்த ஏழு மாதம் நாற்பது ஊர்களுக்கும் ஃபோன். ஆடு வைத்திருப்பவர், மீன் பிடிப்பவர், துணி வெளுப்பவர் என்று தேடித்தேடிப் பேசினார். புதிய கணிப்பும் இனிப்பாக இல்லை. சில ஓட்டங்களில் கண்மாய் தாக்குப்பிடித்தது. வறட்சியில் ஆடுகளை விற்றுவிட்டால் அடுத்த வருஷமே தூர்ந்தது.

“இதில் எதுதான் நடக்கும்?” என்று கமிட்டியில் கேட்டார்கள்.

“தெரியாது சார். ஆனா கைவிடச் சொல்ல என்கிட்ட காரணம் இல்ல.”

நாற்பதில் இருபத்தாறு கண்மாய்கள் பட்டியலில் தங்கின.

போன வாரம் அந்த ஊர்களுக்கு அனுப்பவேண்டிய பாசனச் சங்க உறுப்பினர் படிவங்கள் கட்டுக்கட்டாக வந்திறங்கின. பெயர், சர்வே எண், நிலத்தின் அளவு என்று மூன்றே கட்டங்கள். சாந்தகுமாரி என் மேஜைக்கு வந்து ஸ்கேலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அதன் தலையில் ‘ஆடு, மாடு’ என்று எழுதினார். மை காய ஊதிவிட்டு, அடுத்த தாளை எடுத்தார்.