டிட்மார்ஷ் ரத்தமும் ஸ்டீயரிங்கும்

டிட்மார்ஷ் வீட்டில் பிறந்தவர்கள் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஈனாக் டிட்மார்ஷ், குதிரை பூட்டிய பாரவண்டியை ஒரு கிழவி மேல் ஏற்றிக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போனாராம். அதனால் இந்தக் கைகளுக்குக் கடிவாளமும் ஆகாது, ஸ்டீயரிங்கும் ஆகாது. லண்டனில், பெர்மண்ட்சியில், அறுபத்து மூன்று வயதுவரை பெவர்லி இந்தக் கட்டளையோடு மளிகைப் பைகளையும் சேர்த்துச் சுமந்தாள்.

அவளைக் கட்டிக்கொண்ட ட்ரெவருக்கு அந்தச் சாபம் இல்லை. வேலை இல்லாத நாட்களில் அவன் ஓட்டுவான், மற்ற நாளெல்லாம் அவளுக்கு பஸ்தான். இப்போது அவனுக்குச் சிறுநீரகம் போய், கண்ணும் மங்கிவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வேன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வாசலில் கார் சும்மா நிற்க, இரண்டு பஸ் மாறி அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவாள். திரும்பும்போது பாவம், பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பான்.

"நான் வண்டி கத்துக்கப் போறேன்" என்று அண்ணன் கீத்திடம் சொன்னாள்.

"தாராளமா. நாளைக்கு யாரையாவது அடிச்சுப் போட்டுட்டு வந்து எங்கிட்ட அழாதே. அது நம்ம ரத்தத்துல இருக்கு, பெவ்."

ரத்தத்தில் இருக்கிறதாம்! எரிச்சல் மண்டைக்கு ஏறினாலும், அந்தப் பேச்சை அவளால் உதற முடியவில்லை. ஈனாக் நிஜமாகவே குற்றவாளியா என்று தெரியாமல் ஸ்டீயரிங்கைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தேடினாள். ஜெயிலுக்குப் போனார் என்றார்களே என்று இரண்டு குளிர்காலம் கைதிகளின் பட்டியல்களையே கிளறினாள். பன்றி திருடிய டிட்மார்ஷ்கூடக் கிடைத்தான், ஈனாக்கைக் காணோம். கடைசியில் ஆவணக் காப்பகத்துப் பெண் கேட்டாள்: "விடுதலை ஆனவங்கள்ல பாத்தீங்களா?"

பெவர்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. விடுதலையானவனுக்காகவா ஒரு குடும்பம் இத்தனை தலைமுறை தண்டனை அனுபவிக்கும்?

அந்த வாரமே ஒரு பழைய வழக்குப் பதிவில் ஈனாக் அகப்பட்டார். வயது இருபத்து நாலு. செத்தவள் ஹானா பொக்காக், காது மந்தம். வண்டிக்காரர்கள் அலுப்பில் வண்டியின் ஏர்க்கால்மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவது அந்தக் காலத்தில் சகஜம். ஈனாக்கும் அப்படித்தான் வந்தான் என்று போலீஸ்காரர் சாட்சி சொன்னார். அடுத்துக் கூண்டில் ஏறியவள் செத்தவளின் மகள் சூசன்.

"இல்லைங்க. குதிரையப் பிடிச்சுக்கிட்டு நடந்துதான் வந்தாரு. தொண்டை கிழியக் கத்துனாரு. எங்கம்மாவுக்குத்தான் கேக்கல."

ஜூரிகள் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. குற்றமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாடா என்று சாய்ந்த பிறகுதான் பெவர்லிக்கு உறைத்தது. தேடலில் முன்பே கிடைத்திருந்த கல்யாணப் பதிவில் ஈனாக்கின் மனைவி பெயரும் சூசன் பொக்காக்தான். கல்யாணம் அந்த வழக்குக்கு அடுத்த வருஷம்.

கீத்துக்கு போன் போட்டாள்.

"ரத்தம் ரத்தம்னியே, அதுல பாதி அடிபட்டவ ரத்தம், தெரியுமா? அம்மா மேல ஏத்துன வண்டிக்காரனையே அந்தப் பொண்ணு கட்டிக்கிட்டா. அவன் கடைசிவரைக்கும் வண்டிதான் ஓட்டியிருக்கான். அந்தக் கூலியிலதான் ஏழு புள்ளைங்க வளந்துச்சு."

"அவ கூண்டுல பொய் சொல்லியிருந்தா?"

"சொல்லிட்டுப் போகட்டுமே! அம்மாவைப் பறிகொடுத்தவளே அவன விட்டுட்டா. விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது நீதான்."

பெவர்லி மறுநாளே பயிற்சிக்குப் பணம் கட்டினாள். முதல் தேர்வில் தோற்று, இரண்டாவதில் தேறினாள்.

முதல் முறை ட்ரெவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தபோது, உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. ஜீப்ரா கிராசிங்கில் ஒரு கிழவி ஆடி அசைந்து கடந்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா ஓட்டுறே" என்றான் ட்ரெவர்.

"உனக்குத்தான் கண்ணே தெரியலையே."

"குமட்டலையே, பெவ்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஓங்கி அடித்தாள்.

"நாப்பது வருஷம், ட்ரெவர்! நாப்பது வருஷமா மழையில பஸ்ஸுக்கு நின்னிருக்கேன்!"