அந்தியேட்டி முடியும்வரை

புலம்பெயர்ந்து வந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அப்பா சிறிய உணவகம் நடத்தினார். மது விற்க நகரசபை கொடுத்த உரிமம் அவர் பெயரில் மட்டுமே இருந்தது. போன குளிர்காலத்தில் அவர் திடீரென இறந்துபோனார். நகரசபைக்கு உடனே அறிவிக்க நினைத்தேன். அம்மா தடுத்தார்.

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் பிள்ளை. அதுக்குள்ள அவற்ற பேரை வெட்டப் போறியோ?”

பொறியியலாளரான எனக்கும் மனம் வரவில்லை. சித்தப்பா கடையைத் திறந்து வைத்திருந்தார். சோதனைக்கு வந்த பொலிஸார் உரிமக்காரரைக் கேட்டபோது, “அண்ணை இல்லை” என்று சொல்லி அழுதாராம். உரிமக்காரர் இறந்ததை அறிவிக்காமல் விற்றதால் மது விற்பனை நிறுத்தப்பட்டது. புதிய விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன்னே இரவுச் சாப்பாட்டுக்கு வருவோர் குறைந்துபோக, கடையை மூடினோம்.

இப்போதெல்லாம் கடை வைத்திருந்தவர்களின் செத்தவீட்டுக்குப் போனால், கையைப் பிடித்து ஆறுதல் சொன்னபின், “கடை உரிமம் ஆற்ற பேரில இருக்கு?” என்று கேட்கிறேன். சிலர் முகம் சுழிக்கிறார்கள். ஆனாலும் கேட்காமல் திரும்புவதில்லை.