கார்த்தி வாங்கிய சர்ச்

போன ஞாயிறு திருமங்கலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் அக்கா மகன் கார்த்தி வீடியோ காலில் வந்தான்.

"மாமா, வீடு வாங்கிட்டேன். பாருங்க!"

பார்த்தேன். கனமான கல் சுவர், கூரான கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்... பின்னால் கடல்.

"மாப்ள, இது சர்ச்சுடா!"

"ஆமா மாமா. மீன் பிடிக்கிற ஊரோட சர்ச்சு. முந்நூறு வருசத்துப் பழசு. கும்பிட ஆள் வாரதில்லைன்னு வித்துட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சை விற்பார்களா? அதில் ஒருவன் குடித்தனம் நடத்துவானா? நம் மதுரையில் ரோட்டோரக் கல் ஒன்றுக்கு மஞ்சள் துணி சுற்றிவிட்டால் போதும் — ரோடுதான் வளைந்து போக வேண்டும். அங்கே முந்நூறு வருஷ சர்ச்சுக்கு 'விற்பனைக்கு' என்று போர்டு மாட்டுகிறார்களாம்! என்ன ஜனங்களோ என்று வாய்விட்டே திட்டினேன்.

அக்காவுக்கு வேறு அதிர்ச்சி.

"வாசல்ல என்னடா, வரிசையா கல்லு நட்டிருக்கு?"

"கல்லறைம்மா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கண்டுகொள்ளவில்லை. போனோடு உள்ளே போனான். "இது ஹாலு. அந்தா, அந்தச் செவுத்துல மாடுலர் கிச்சன். நாளைக்கு ஆள் வாராங்க."

அந்தச் சுவரில் ஒரு கல்வெட்டு. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் பெயர்களாம். "அது மேலயே அலமாரி அடிச்சிரலாம் மாமா" என்றான். நானும் தலையாட்டினேன்.

அப்போது கதவு தட்டும் சத்தம். திறந்தான். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, காலில் ரப்பர் பூட்ஸ். ஏதோ தயங்கித் தயங்கிப் பேசினார். கார்த்தியின் குரல் இறங்கிவிட்டது.

"பக்கத்து வீட்டு மார்கரெட், மாமா. அந்தக் கல்லுல ஆறாவது பேரு இவங்க அப்பாவாம். இவங்களுக்கு மூணு வயசுல கடலுக்குப் போனவரு... உடம்பே கிடைக்கலையாம். கல்லறையும் இல்ல. இந்தப் பேரு மட்டுந்தானாம். வாராவாரம் வந்து தொட்டுப் பாத்துட்டுப் போவாங்களாம். இனிமே, நமக்குத் தோதுப்பட்ட நேரத்துல அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போகலாமான்னு கேக்குறாங்க..."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. விற்றவர்களை என்ன பேச்சுப் பேசினேன்! அந்தப் பெயரை அலமாரிக்குப் பின்னால் தள்ளப் பார்த்தது யார்? எங்கள் வீட்டுப் பிள்ளை. தலையாட்டியது நான்.

அக்கா விருட்டென்று எழுந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏன்டா, அப்பா இருக்க வீட்டுக்கு வாரதுக்கு ஒரு பொம்பள நேரங் கேட்டு வாசல்ல நிக்கணுமா? உள்ள கூப்புடுடா! ஒரு சாவி செஞ்சு அவுக கையில குடு. அடுப்ப வேற பக்கம் வையி."

கார்த்தி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். அந்த அம்மாள் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஆறாவது பெயர் மீது கையை வைத்துக்கொண்டு நின்றார். இங்கே அக்கா அழுதாள். நானும்தான்.

நேற்று கார்த்தி பேசினான். கிச்சன் எதிர்ச் சுவருக்கு மாறிவிட்டதாம். ஆனால் அந்தப் பக்கம் தண்ணீர் பைப் இல்லையாம், ஒரே புலம்பல்.

வாளியில் தூக்கட்டும்!