எதிரொலிப் பெட்டிக்குள் ஒரு குரல்

என் தங்கையின் கழுத்தில் வளர்ந்திருந்த கழலையை அறுத்தெடுக்க மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டார்கள். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. குரல் நரம்பு கழலையை ஒட்டியே போகிறது, எவ்வளவு கவனமாக அறுத்தாலும் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். தங்கை மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிதோறும் பாடுகிறவள். வெளியே வந்த பிறகு கணவரிடம் மட்டும், "அதுக்கு முன்னாடி என் குரலைப் பிடிச்சு வச்சிடணும்ங்க" என்றாள்.

மலேசியா உருவாகி அதிக காலம் ஆகவில்லை. நான் ஒரு தமிழ் நாளேட்டுக்கு மலாக்காச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். போர்னியோ எல்லையில் இந்தோனேசியப் படையோடு துப்பாக்கிச் சூடு என்ற தலைப்பு முதல் பக்கத்தில் அடிக்கடி வந்தது. நாங்கள் வாசிப்போம், மடித்து வைப்போம்.

தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் மின்சார வேலை பார்த்தார். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. காஜா பெராங்கில் அவர்களுடைய பலகை வீட்டு முன்னறையில் மைக்கை வைத்து ஒரு பாட்டைப் பதிந்து போட்டுக் காட்டினார். தங்கை பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அட்டைப் பெட்டிக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. இது என் குரலே இல்ல."

"உன் குரல்தான். மைக் பொய் சொல்லாது" என்றார் அவர்.

"அப்போ கோயில்ல கேக்கிறது யாரு?"

அவள் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. கோயிலின் கல் தரையும் சுவர்களும் அவள் குரலை வாங்கிச் சற்று நீட்டித் திருப்பித் தரும். வருடக்கணக்காக அவள் தன் குரல் என்று கேட்டுவந்தது அதைத்தான். பலகையும் மெத்தையும் துணியும் நிறைந்த வீட்டில் குரல் வாயிலிருந்து வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கோயிலில் வைத்துப் பதியலாமா என்று கேட்டதற்கு அவள் சம்மதிக்கவில்லை. நோயைப் பற்றி அங்கே யாரும் கேட்கக் கூடாது என்றாள்.

ஆகவே கோயிலின் எதிரொலியை ஒரு பெட்டியில் வாங்கப் போனோம்.

ஊருக்குள் ரேடியோ பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். கடற்கரைப் பக்கத்து ராணுவ முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போகும் பாட்டுச் சாமான்கள் அவர் கடைக்கு வரும். அப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றுக்குள் நீளமான ஸ்பிரிங்குகள் கட்டியிருந்தன. குரல் அவற்றின் வழியாக நடுங்கிப் போய் மறுமுனையில் கூடத்துக் குரலாக வெளிவரும். தங்கை ஒரு வரி பாடிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. அந்நேரம் வெளியே ஒரு லாரி போனது. பெட்டிக்குள் இடி இடித்தது.

"தரை ஆடினா இப்படித்தான் தங்கச்சி" என்றார் பாய். "சிமெண்டுத் தரையில வச்சா ஒண்ணும் ஆகாது. உங்க வீடு?"

"பலகை" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப ஒவ்வொரு காடி போறப்பவும் இடி மழைதான்."

இரண்டாவது பெட்டிக்குள் வளையமாக ஒட்டிய சிறு டேப் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டு நிற்கும் முனைகளில் முதலாவது குரலைப் பதியும். அடுத்த முனைகள் அதையே சற்றுத் தள்ளித் தள்ளி ஒலிக்கும். சுற்றி வந்ததும் அது அழிக்கப்பட்டுவிடும். பாய் சுவிட்சைப் போட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பெட்டியிலிருந்து ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் "டூ" என்றது. பிறகு அமைதி.

தங்கை என் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க" என்று பாய் சிரித்தார். "போன ஆள் ஒன், டூன்னு மைக்கைச் சோதிச்சுப் பார்த்திருக்கான். பாதியில நிறுத்திட்டான். நிறுத்துறப்போ டேப்ல எது இருந்துச்சோ அது உள்ளேயே கிடக்கும். மறுபடி போட்டா ஒரே ஒரு தடவை வரும், அதோட அழிஞ்சிடும்."

"அந்த ஆள் இப்ப எங்க?" என்றாள் தங்கை.

"போர்னியோ."

"திரும்பி வந்துட்டானா?"

"அது தெரியாதுலா. சாமான் மட்டும்தான் இங்க வந்துச்சு."

மாப்பிள்ளை டேப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். காரணம் சரியானது, வீட்டுத் தரை ஆடும். தங்கை ஸ்பிரிங் பெட்டியைத் திரும்பிப் பார்த்தபடியே வெளியே வந்தாள்.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முன்பு, முதலில் எடுத்த பாட்டை அழித்துவிட்டு அதே டேப்பில், தெரு அடங்கும் மதிய வேளைகளில் பதிந்தார்கள். தங்கைக்குத் திருப்தி. ஒரு நாள் நான் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் வேலியருகே நின்றிருந்தார். அவர் மலாக்காவில் தலைமுறைகளாக மலாய் பேசி வாழும் செட்டி குடும்பத்தவர். எங்கள் கோயிலுக்கு வருவார், தமிழ் பேச மாட்டார். குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார்: "சியாப்பா சத்து லாகி?"

இன்னொருத்தி யார் என்கிறார். யாருமில்லை, அது எதிரொலி என்றேன். அவர் தலையை ஆட்டினார். எதிரொலி பின்னாலேயே வரும், இவள் அப்படியில்லை, உன் தங்கை நிறுத்தும்வரை காத்திருக்கிறாள் என்றார்.

இதைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். "சத்து லாகிக்கும் ஒரு தேத்தண்ணி வைக்கவா?"

கடைசி நாள் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்குப் பெட்டி போடாம ஒண்ணு பதிவோம்" என்றார் மாப்பிள்ளை. "டேப்ல ஏறின எதிரொலியைப் பிறகு பிரிச்செடுக்க முடியாது."

"அட்டைப் பெட்டிக் குரலை யாருங்க கேப்பா? முதல்ல பெட்டியோட இன்னொண்ணு. அப்புறம் உங்க ஆசைக்குப் பாடுறேன்."

பாடினாள். பிள்ளையாரை அழைக்கும் வரியில் "வா" என்று குரலை எடுத்தபோது மின்சாரம் போயிற்று. இரண்டு கருவிகளும் சுணங்கி நின்றன. மாப்பிள்ளை சுவிட்சுகளை அணைத்துப் பெட்டியின் மேல் துணியைப் போர்த்தினார். மழை தகரக் கூரையில் இறங்கியது. மின்சாரம் மறுநாள் காலைவரை வரவில்லை. அவள் மருத்துவமனைக்குப் புறப்படும் வேளையில்தான் வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழலை போயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை. கட்டு பிரித்துப் பல வாரங்களான பிறகும் அவள் பேச்சில் பாதி காற்றாகவே வந்தது. இனி இவ்வளவுதான் என்று மருத்துவர் சொன்ன அன்று, பதிந்த டேப்பைப் போடச் சொன்னாள்.

கோயிலின் எதிரொலி அறைக்குள் வந்தது. முழுதும் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுறா" என்றாள்.

"யாரு?" என்றேன்.

"சத்து லாகி. அவதான் முழுக்க இருக்கா. நான் எங்க இருக்கேன்?"

மாப்பிள்ளை டேப்பை முன்னும் பின்னும் ஓட்டினார். எங்கும் அவள் வாயிலிருந்து வந்த குரல் தனியாக இல்லை. ஒவ்வொரு சொல்லின் மேலும் அதன் நிழல் விழுந்திருந்தது. கடைசியில் அவர் மூலையில் துணி போர்த்தியிருந்த பெட்டியைப் பார்த்தார். மின்சாரம் போன அன்று அணைத்து வைத்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"அதுக்குள்ள ஒரு துண்டு இருக்கும்" என்றார். "எதிரொலி ஏறுறதுக்கு முந்தினது. போட்டா ஒரு தடவை வரும். போடாம வச்சிருந்தா இருக்கும்."

"யாரும் கேக்காம இருந்து என்ன?"

"ரெக்கார்டர்ல பிடிக்கலாம். இரு, வயரை மாத்திக்கிறேன்."

அவர் வயரைத் தேடி உள்ளே போனார். தங்கை எழுந்து துணியை எடுத்தாள். சுவிட்சின் மேல் கையை வைத்தபோதுகூட அவள் போடுவாள் என்று நான் நினைக்கவில்லை.

"வா."

மிக அருகில், சற்று வளைந்து, பலகை வீட்டில் பாடிய குரல். கூடமும் இல்லை, கல்லும் இல்லை. என் சிறு வயது முதல் நான் கேட்டுவந்த அதே குரல்.

மாப்பிள்ளை வயரோடு கதவருகே நின்றுவிட்டார்.

"நான்தான்" என்றாள், மிச்சமிருந்த குரலில்.

வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். அதிலிருந்து வேறொன்றும் வரவில்லை.