விமானத்தின் கழுத்தில் விரிசல்

சுனாமிக்கு மறு வருடம் போர்ட் பிளேரில் தரை இன்னும் அடங்கவில்லை. வாரம் ஒருமுறையாவது ஆடும். அரசுக் கட்டடப் பிரிவில் நான் ஜூனியர் இன்ஜினியர். ஃபீனிக்ஸ் பே மேட்டில் ஒரு கோயில் விமானம் முடியும் தறுவாயில் இருந்தது. பத்து நாளில் கும்பாபிஷேகம். அதற்கு முன் பார்த்துச் சான்று தரும்படி என்னை அனுப்பினார்கள்.

நான் தீவிலேயே பிறந்தவள். கோயிலில் கும்பிட்டிருக்கிறேன், அண்ணாந்து பார்த்ததில்லை.

"மூணாவது மட்டத்துக்கு மேல விரிசல் இருக்கு," என்றேன்.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஸ்தபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "மட்டம்னு சொல்லாதீங்க மேடம். ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு. ஆள் நிக்கிற மாதிரிதான் கட்டுவோம்." கீழிருந்து கைகாட்டிக்கொண்டே போனார். பாதம்போல அதிஷ்டானம். கால்போல சுவரும் தூணும். தோள்போல பிரஸ்தரம். "அதுக்கு மேல கிரீவம், கழுத்து. அப்புறம் தலை, சிகரம். உச்சியில ஸ்தூபி."

"விரிசல் கழுத்துலதான் இருக்கு. தலையோட கனம் முழுக்க அதுமேலதானே?"

அவர் அண்ணாந்து அந்த விரிசலையே பார்த்தார். பக்கத்தில் நின்ற கோயில் கமிட்டித் தலைவர் குறுக்கிட்டார். "சுதைப் பூச்சுல விழுந்த கீறல்மா அது. பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சு."

அப்போதுதான் தரை குலுங்கியது.

சாரத்தின் உச்சியில் இரண்டு பேர் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்தபதியின் தம்பி, இன்னொருவர் ஊர்க் கொத்தனார், பெங்காலி. கம்புகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. கழுத்திலிருந்து சுதைத் துண்டுகள் உதிர்ந்தன.

"நீச்சே ஆவோ! ஜல்தி!" என்று, சீக்கிரம் இறங்கச் சொல்லி இந்தியில் கத்தினேன்.

"இறங்காதே, கம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று ஸ்தபதி அதைவிடச் சத்தமாகக் கத்தினார். அவர் சொன்னதுதான் சரி. ஆட்டம் நின்றபிறகே இருவரும் இறங்கினார்கள். தம்பியின் கையைப் பிடித்த ஸ்தபதி வெகுநேரம் விடவில்லை.

"சாமி காப்பாத்திட்டார். இனி என்ன பயம்?" என்றார் தலைவர்.

"கும்பாபிஷேகத்தன்னைக்கு உச்சியில குருக்கள் நிப்பாங்க. கீழே ஊரே நிக்கும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ யாரும்மா நிறுத்த?"

ஸ்தபதி திரும்பினார். "அவங்க நிறுத்த வேண்டாம். நானே பிரிக்கிறேன்."

கழுத்துக்கு மேலே முழுவதையும் அவரே முன்நின்று இறக்கினார். உள்ளே சுற்றிவரக் கம்பி கட்டி, கான்கிரீட் வளையம் போட்டு, மறுபடி எழுப்ப ஐந்து மாதம் ஆயிற்று. வழியில் எதிர்ப்பட்டால் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

கும்பாபிஷேகத்தன்று நானும் கூட்டத்தில் இருந்தேன். உச்சியில் தீர்த்தம் ஊற்றியபோது எல்லோரும் கைகூப்பினார்கள். நான் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தோடு ஏறியவர்களில் கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே நின்றேன்.